கட்டைவிரல் கோணல்: 34 டிகிரி சாய்ந்த ஒரு பாதத்தின் விசைக் கணக்கு

பெண், வயது 52, எடை 60 கிலோ. ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. பகல் முழுக்க நிற்க வேண்டும். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு மறுகால் பக்கமாகத் துருத்தி நிற்கிறது. விரல் நுனி சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து, இரண்டாம் விரலுக்கு அடியில் நுழையத் தொடங்கியிருக்கிறது. இரண்டாம் விரலில் போட்டிருந்த மெட்டியைக் கழற்றிவிட்டார். அதன் விளிம்பு கட்டைவிரலின் பக்கத்தோலில் உரசி உரசிக் கறுப்புத் தழும்பாகிவிட்டது.

இது ஒரு தனி மனிதரின் மருத்துவப் பதிவு அல்ல. எலும்பு மூட்டுப் பிரிவுக்கு வழக்கமாக வரும் நடுத்தரக் கோணலை, அதாவது பனியன் என்றும் ஹாலக்ஸ் வால்கஸ் என்றும் சொல்லப்படும் நிலையை, விசைக் கணக்குக்கு ஏற்றபடி அமைத்த மாதிரி. கோணங்களும் நீளங்களும் அத்தகைய பாதங்களில் காணப்படும் வரம்புக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன.

இவருடைய முதன்மைப் புகார் துருத்தல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வலி இரண்டாம் விரலின் அடியில், உள்ளங்காலின் முன்பகுதியில். அங்கே ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் காய்த்திருக்கிறது. மருந்துக் கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுகிறார், தோல் உரிகிறது, சில வாரங்களில் மறுபடி காய்க்கிறது. ஆணி என்று நினைத்து வெட்டி எடுக்கச் சொல்லி வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான கோளாறு கட்டைவிரலில் இருக்கிறது. காய்ப்பு அதன் விளைவு. அதை மட்டும் நீக்கினால், சுமை அங்கேயே விழுந்துகொண்டிருக்கும்வரை அது திரும்ப வரும்.

பரிசோதனையும் படமும்

பாதத்தை முதலில் நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். படுக்கையில் கால் நீட்டியிருக்கும்போது மிதமாகத் தெரியும் கோணல், எடை ஏறியதும் கூடிவிடும். இந்தப் பாதத்தில் நின்ற நிலையில் கட்டைவிரல் நகம் மேலே பார்க்காமல் மறுகால் பக்கம் திரும்பியிருக்கிறது. விரல் தன் அச்சில் சுழன்றுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்தச் சுழற்சி 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விரலின் மறுகால் பக்க ஓரத்தில், நடு மடிப்புக்கு நேராக, நீளவாக்கில் இன்னொரு காய்ப்பு. அதாவது விரல் தரையைத் தொடுவது அடிப்பஞ்சால் அல்ல, பக்கவாட்டால்.

கட்டைவிரலின் அழுத்தத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. உட்கார வைத்து, விரல் நுனிக்கு அடியில் ஒரு தடித்த அட்டையை வைத்து, விரலால் அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, அட்டையை இழுக்க வேண்டும். நல்ல விரலில் அட்டை வராது. கோணல் விரலில் சுலபமாக உருவிக்கொண்டு வரும். கூடவே கெண்டைக்கால் தசை இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்: முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை, கணுக்காலை மேல்நோக்கி மடக்கிப் பார்க்கலாம். நீட்டிய நிலையில் மட்டும் தடைப்பட்டால் கெண்டைத்தசை குறுகியிருக்கிறது. குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும், முன்பாதம் அதிக நேரம் சுமை தாங்கும்.

எக்ஸ்ரே கட்டாயம் நின்றபடி எடுத்ததாக இருக்க வேண்டும். படுத்தபடி எடுத்த படத்தை வைத்துக் கோணம் அளந்து முடிவெடுப்பது பெரிய தவறு. உண்மையான கோணல் அதில் குறைத்துக் காட்டப்படும். மெட்டாடார்சல் என்பது ஒவ்வொரு விரலுக்கும் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் நீள எலும்பு; கட்டைவிரலுடையது முதலாவது, அதன் முன்முனை தலை. இந்த எலும்பின் அச்சை வரையும்போது தலையில் துருத்திய பகுதியைச் சேர்த்துக்கொள்ளாமல், தண்டின் அகலத்துக்கு நடுவில் இரண்டு புள்ளிகள் குறித்து இணைக்க வேண்டும். இந்தப் பாதத்தில் முதல் மெட்டாடார்சலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையிலான கோணம் 34 டிகிரி; 15-க்குள் இருந்தால் இயல்பு. முதல், இரண்டாம் மெட்டாடார்சல்களுக்கு இடையே 14 டிகிரி, இயல்பு 9-க்குள். மூட்டுக்கு அடியில், தசைநாணுக்குள் பட்டாணிபோல் இருக்கும் சீசமாய்டு என்ற இரண்டு சிறு எலும்புகளும் சுண்டுவிரல் பக்கம் நகர்ந்ததுபோல் தெரிகின்றன. மறுகால் பக்கத்துச் சீசமாய்டின் பாதிக்கு மேல், முதல் மெட்டாடார்சலின் நடுக்கோட்டைத் தாண்டியிருக்கிறது.

‘நகர்ந்ததுபோல்’ என்று சொல்லக் காரணம் உண்டு. சீசமாய்டுகள் பெரும்பாலும் தம் இடத்திலேயே இருக்கின்றன. குறுக்கே ஓடும் லிகமென்டும் (எலும்புகளைப் பிணைக்கும் நார்), கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் இழுக்கும் அடக்டர் ஹாலுசிஸ் தசையும் அவற்றை இரண்டாம் மெட்டாடார்சலோடு கட்டிவைத்திருக்கின்றன. நழுவிப் போனது அவற்றின் மேல் உட்கார்ந்திருந்த மெட்டாடார்சல் தலைதான். அறுவை சிகிச்சையில் எதை எங்கே நகர்த்துவது என்பது முழுக்க இந்தப் புரிதலைப் பொறுத்தது.

நல்ல பாதத்தில் எவ்வளவு விசை?

குதிகால் எழுந்து, பாதம் தரையை உந்தித் தள்ளும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 60 கிலோ எடை என்றால் ஏறத்தாழ 590 நியூட்டன். கட்டைவிரலின் அடிப்பஞ்சில் எடையில் கால் பங்கு, அதாவது 150 நியூட்டன் விழுகிறது என்று கொள்ளலாம். அந்த இடத்துக்கும் அடிமூட்டின் மையத்துக்கும் தூரம் 45 மில்லிமீட்டர். தரை விரலை மேல்நோக்கி மடக்கப் பார்க்கும் திருப்புவிசை 150 × 0.045 = 6.75 நியூட்டன் மீட்டர்.

இதைத் தாங்குவது விரலை மடக்கும் இரண்டு தசைகள்: கெண்டைக்காலிலிருந்து வரும் நீண்ட தசை, பாதத்துக்குள்ளேயே இருக்கும் குட்டைத் தசை. இரண்டின் தசைநாண்களும் மூட்டு மையத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் கீழே ஓடுகின்றன. 6.75-ஐ 0.015-ஆல் வகுத்தால் 450 நியூட்டன். தரையில் அமுங்கும் விசையைப் போல் மூன்று மடங்கு இழுவை தசைநாணில் இருக்கிறது. இந்த 450-ஐயும் செங்குத்தான 150-ஐயும் சேர்த்தால் மூட்டை அமுக்கும் விசை 474 நியூட்டன், உடல் எடையில் 0.8 பங்கு. நடையைப் படமெடுத்தும் தரைவிசையை அளந்தும் செய்த பழைய ஆய்வுகளும் இதை ஒட்டிய அளவையே தருகின்றன.

சீசமாய்டுகளின் வேலை இங்கே தெரிகிறது. தசைநாணை மூட்டு மையத்திலிருந்து தள்ளி வைத்து நெம்புகோல் நீளத்தைக் காப்பாற்றுகின்றன. அவை இல்லாமல் அந்த 15 மில்லிமீட்டர் 10 ஆகிவிட்டால், அதே வேலைக்கு 675 நியூட்டன் இழுக்க வேண்டும்.

கோணல் வந்ததும்

முதல் மெட்டாடார்சலின் தலையில் எந்தத் தசையும் ஒட்டவில்லை. முழங்காலுக்குக் கீழிருந்து வரும் பெரோனியஸ் லாங்கஸ், டிபியாலிஸ் ஆண்டீரியர் தசைகள் இரண்டும் அந்த எலும்பின் அடிப்பகுதியில்தான் சேர்கின்றன. தலையை இடத்தில் வைத்திருப்பது பக்க லிகமென்டுகள், மூட்டுறை, இருபுறமும் சமமாக இழுக்கும் விரல் தசைகள், அப்புறம் சீசமாய்டுகள் உட்காரும் இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறு எலும்பு வரம்பு. அந்த வரம்பைப் பற்றி நோயாளிகளிடம் யாரும் பேசுவதில்லை. ஆனால் நோய் நின்றுவிடுமா, தானே வளர்ந்துகொண்டு போகுமா என்பதை முடிவு செய்வதில் அதன் பங்கு மிகப் பெரியது.

விரல் 34 டிகிரி சாய்ந்திருக்கிறது, சீசமாய்டுகள் இன்னும் பள்ளத்தில் இருக்கின்றன என்று முதலில் வைத்துக்கொள்வோம். விரல் எலும்பு 450 நியூட்டன் விசையோடு தன் அச்சின் வழியாக மெட்டாடார்சல் தலையைப் பின்னோக்கி அமுக்குகிறது. அச்சு சாய்ந்திருப்பதால் அந்த அமுக்கத்தில் ஒரு பகுதி தலையை மறுகால் பக்கம் தள்ளுகிறது: 450 × சைன் 34° = 252 நியூட்டன், 25 கிலோவுக்கு மேல். ஆனால் தசைநாணும் அதே இடத்தில்தான் வளைகிறது. வளையும் இடத்தில் அது சீசமாய்டை நடுவரம்பின்மேல் அழுத்தி, தலையைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலும் 450 × சைன் 34°, அதே 252. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. மிஞ்சுவது எலும்பின் நீளவாட்டில் 450 நியூட்டன் அமுக்கம் மட்டுமே. ஆக, சாய்ந்த விரலும் வரம்பு உறுதியாக இருக்கும்வரை மெட்டாடார்சலை விரித்துத் தள்ளாது.

அடுத்து, வரம்பு தேய்ந்து தலை நழுவிவிட்டது. தசைநாண் இப்போது வளைந்து போவதில்லை. வில்லின் நாண்போல வளைவின் உட்பக்கத்தில், சுண்டுவிரல் பக்கமாக, குறுக்கு வழியில் நேராக ஓடுகிறது. தலையை எதிர்ப்பக்கம் தள்ள ஆளில்லை. விரல் எலும்பின் தள்ளல் மட்டும் மிஞ்சுகிறது. முழுக்க நழுவியிருந்தால் அது அதிகபட்சம் 252 நியூட்டன். நம் பாதத்தில் பாதி நழுவியிருப்பதால் பாதி என்று எடுத்தால் 126. மெட்டாடார்சலின் நீளம் 60 மில்லிமீட்டர் என்று கொண்டால் அதன் அடிமூட்டில் 7.6 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. தரை விரலை மேல்நோக்கி மடக்கும் விசையைவிட இது சற்று அதிகம். அதுவும் இந்தத் திசையில் காக்கத் தசை இல்லாத ஓர் எலும்பின்மேல். கட்டைவிரல் தரையை அமுக்கும் செயலே மெட்டாடார்சல் தலையை மறுகால் பக்கம் விரிக்கும் என்பதை 1986-ல் ஸ்னைடர்ஸ் குழுவினர் விசைப்படம் வரைந்து காட்டினர்.

இதுவரை கணக்கிட்டது மெட்டாடார்சலின் மேல் விழுவது. விரலின் மேலும் மூன்று தனிச் சேதங்கள் உண்டு. முதலாவது, குறுக்கு வழியில் ஓடும் தசைநாண் மூட்டு மையத்திலிருந்து சுண்டுவிரல் பக்கம் 6 மில்லிமீட்டர் விலகியிருந்தால், 450 × 0.006 = 2.7 நியூட்டன் மீட்டர் அளவுக்கு விரலை இன்னும் சாய்க்கும். மேலே ஓடும் நீட்டுத்தசையின் நாணும் இதேபோல விலகுவதால், விரலைத் தூக்கும்போதும் அமுக்கும்போதும் சாய்வு கூடுகிறது. இரண்டாவது, சுழற்சி. விரல் 20 டிகிரி சுழன்றிருப்பதால் தரையின் 6.75 நியூட்டன் மீட்டரில் ஒரு பங்கு, 6.75 × சைன் 20° = 2.3, மேல்நோக்கி மடக்குவதற்குப் பதில் பக்கவாட்டில் சாய்ப்பதில் போய்விடுகிறது. மூன்றாவதுதான் சிகிச்சையில் அதிகம் ஏமாற்றுவது. விரலை மறுகால் பக்கம் இழுத்துப் பிடிக்கும் அப்டக்டர் ஹாலுசிஸ் தசையின் நாண் மூட்டின் பக்கத்திலிருந்து அடிப்பக்கம் நழுவிவிடுகிறது. பக்கத்தில் இருந்தபோது 10 மில்லிமீட்டர் நெம்புகோல் இருந்தால், 60 டிகிரி கீழே நழுவியதும் 5 மில்லிமீட்டர்தான். தசை பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் இழுவையில் பாதிக்கு மேல் விரலை மடக்கவே செலவாகிறது.

இந்த எண்கள் எல்லாம் விரல் 150 நியூட்டன் அழுத்துகிறது என்ற அடிப்படையில் வந்தவை. கோணல் விரல் அவ்வளவு அழுத்தாது. பாதி அழுத்தினால் எல்லா எண்களும் பாதியாகும். மெட்டாடார்சலின் மேல் 63 நியூட்டன் பக்கத்தள்ளல் மிஞ்சும். குறைந்தாலும் திசை மாறுவதில்லை, நாளொன்றுக்குச் சில ஆயிரம் அடிகளில் அதே பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

சுமை இரண்டாம் விரலுக்குப் போகும் வழி

கட்டைவிரல் விட்டுக்கொடுத்த சுமை எங்காவது இறங்கியாக வேண்டும். உந்தும் கட்டத்தில் முன்பாதம் தாங்குவது ஏறத்தாழ 650 நியூட்டன். கட்டைவிரலின் பங்கு 150-லிருந்து 75 ஆகவும், முதல் மெட்டாடார்சல் தலையின் பங்கு 170-லிருந்து 120 ஆகவும் இறங்கினால் 125 நியூட்டன் இடம் மாறுகிறது. அதில் பாதி, சுமார் 60 நியூட்டன், இரண்டாம் மெட்டாடார்சல் தலையின் 3 சதுர செண்டிமீட்டர் பரப்பில் விழுந்தால் 200 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம்.

முதல் மெட்டாடார்சல் சுமை வந்தால் சற்று மேலே எழுந்து விட்டுக்கொடுக்கும். இரண்டாவதன் அடிப்பகுதி நடுப்பாதத்தின் கியூனிஃபார்ம் எலும்புகளுக்கு நடுவே ஆப்பு வைத்தாற்போல் இறுகியிருப்பதால் அசையாது. வந்த சுமை முழுவதும் தோலிலும் மூட்டின் அடித்தட்டிலும் இறங்குகிறது. முதலில் காய்ப்பு, பிறகு மூட்டில் வீக்கம், அடித்தட்டு கிழிதல், விரல் மேலே எழும்பிக் கட்டைவிரலின்மேல் ஏறிக்கொள்ளுதல் என்று அது போகும். இந்தப் பாதம் முதல் கட்டத்தில் இருக்கிறது.

பாதவளைவும் இதில் பங்கு இழக்கிறது. நடக்கும்போது கட்டைவிரல் மேலே மடங்கினால் உள்ளங்கால் சவ்வு இழுபட்டு வளைவு உயரும் என்பதை ஹிக்ஸ் 1954-ல் விளக்கினார். அந்தச் சவ்வின் மிகப் பலமான பட்டை கட்டைவிரலுக்குச் சீசமாய்டுகள் வழியாகத்தான் போகிறது. சீசமாய்டுகள் தலைக்கு அடியில் இல்லாதபோது விரல் மடங்கினாலும் சவ்வு சரியாக இறுகாது; பாதம் விறைப்பான நெம்புகோலாக மாறாமலே உந்த வேண்டியிருக்கிறது.

காலணி, நிற்கும் வேலை

காலணியின் பங்கை மறுக்க இடமில்லை. ஹாங்காங்கில் செய்யப்பட்டு 1958-ல் வெளியான ஒப்பீட்டில், காலணி அணிந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும், அணியாதவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் இந்தக் கோணல் இருந்தது. ஆனால் ஒரே மாதிரி காலணி போடும் எல்லோருக்கும் வருவதில்லை. குடும்பவழி, தளர்ந்த லிகமென்டுகள், உருண்டையான மெட்டாடார்சல் தலை எல்லாம் சேர வேண்டும். காலணி முதல் சாய்வைத் தருகிறது. சீசமாய்டு நழுவிய பிறகு வெறுங்காலில் நடந்தாலும் தசைகளே வேலையை முடிக்கும்.

நின்றுகொண்டே இருப்பதால் கோணல் வருகிறது என்று சொல்ல முடியாது. சும்மா நிற்கும்போது கட்டைவிரலின் மேல் சுமை சிறிதே. ஆனால் முனை குறுகிய கட் ஷூவுக்குள் மணிக்கணக்காக நிற்கும் பாதத்தில் துருத்திய இடத்தின் மேல் தோலும் திரவப்பையும் அழற்சி கொள்ளும். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. இந்த நோயாளிக்கு அது மருத்துவச் சீட்டில் எழுத வேண்டிய அளவுக்கு முக்கியமானது: வேலை இடைவெளிகளில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிவைப்பது வலியைக் குறைக்கும்.

சீருடைக் காலணி சரியானதா என்று பார்க்க, வெள்ளைத் தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, காலணியை அதன்மேல் வைத்தால் போதும். பென்சில் கோடு காலணிக்கு வெளியே தெரிந்தால் அந்த அளவுக்குப் பாதம் பிதுங்குகிறது. மாலையில், பாதம் வீங்கிய நேரத்தில் வரைவது நல்லது. விரல்களுக்கு நடுவே வார் வரும் லூசான செருப்பும் சிக்கல்தான். அது நழுவாமலிருக்க விரல்களை மடக்கிப் பிடிக்க வேண்டும், அந்தப் பிடிப்பு முழுவதும் சாய்க்கும் தசைநாண் வழியாகவே போகிறது. குதிகாலைச் சுற்றி வார் உள்ள, முன்பக்கம் அகன்ற செருப்பு மேல். சர்க்கரை நோய், தொழுநோய்ப் பாதங்களுக்கு வழக்கத்தில் உள்ள எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) மெத்தைச் செருப்பைக் குதிகால் வாரோடு செய்து வாங்கலாம்.

காய்ப்புக்கு மெட்டாடார்சல் பேட் (முன்பாதத்தைத் தாங்கும் சிறு மெத்தை) வைக்கும்போது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை, வலிக்கும் இடத்துக்கு நேர் அடியில் வைப்பது. அது அழுத்தத்தைக் கூட்டும். காய்ப்பின் மேல் லிப்ஸ்டிக்கால் அடையாளம் வைத்து, காலணிக்குள் ஒருமுறை மிதித்து, விழுந்த அச்சுக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் பின்னால் பேடின் உயர்ந்த பகுதி வருமாறு ஒட்ட வேண்டும். அடிப்பாகம் முன்னோக்கி வளைந்த விறைப்பான சோலும் உதவும். விரல் மடங்கும் அளவு குறைவதால் அந்த 6.75 நியூட்டன் மீட்டரே குறைகிறது.

விரல் இடைவெளி ஜெல்லும் இரவுப் பட்டையும் கோணலை நிமிர்த்தும் என்று விற்கப்படுகின்றன. ஜெல் துண்டு கட்டைவிரலை இரண்டாம் விரலின்மேல் சாய்ந்து நிற்க வைக்கிறது. இரண்டாம் விரல் சுண்டுவிரல் பக்கம் நகர்ந்துபோகும், சீசமாய்டு இருந்த இடத்திலேயே இருக்கும். உரசலைத் தடுக்க மட்டும் அது பயன்படும், அதுவும் அகன்ற காலணியில். இரவுப் பட்டை தசைகள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் விரலைப் பிடிக்கிறது. சாய்க்கும் விசை பகலில், உந்தும் கணத்தில்தான் பிறக்கிறது. விரல்களை விரித்து 5 வினாடி பிடிக்கும் பயிற்சி ஆரம்பநிலைக் கோணலில் செய்யத்தக்கது. 34 டிகிரியில், நாண் அடிப்பக்கம் நழுவிய பிறகு, அது தசையைப் பலப்படுத்தும், கோணத்தைத் திருப்பித் தராது.

ஃபின்லாந்தில் 209 பேரைக் கொண்டு நடந்து 2001-ல் வெளியான சோதனையில், காலணிக்குள் வைக்கும் தாங்கி முதல் ஆறு மாதங்களில் வலியைக் குறைத்தது. ஓராண்டு முடிவில் அறுவை சிகிச்சை பெற்றவர்களே நல்ல நிலையில் இருந்தனர்.

அறுவை என்றால் எதை மாற்ற வேண்டும்

துருத்திய எலும்பை மட்டும் சீவிவிடுவது இந்தப் பாதத்துக்குப் பொருந்தாது. மேலே கணக்கிட்ட எந்த விசையும் அதனால் மாறுவதில்லை. தேவை, மெட்டாடார்சல் தலையைச் சீசமாய்டுகளின்மேல் திரும்ப உட்கார வைப்பது. தலையை 1 மில்லிமீட்டர் சுண்டுவிரல் பக்கம் நகர்த்தினால் இடைக்கோணம் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். 14-ஐ 8 ஆக்க 6 மில்லிமீட்டர் வேண்டும். 20 மில்லிமீட்டர் அகலத் தலையில் இது செவ்ரான் என்ற V வடிவ எலும்பு வெட்டின் எல்லைக்குள்தான் இருக்கிறது. எலும்பு மென்மையாக இருந்தால் நீளமான ஸ்கார்ஃப் வெட்டு பிடிமானம் தரும். முதல் மெட்டாடார்சலின் அடிமூட்டே தளர்ந்து ஆடினால் அந்த மூட்டை இணைக்கும் லாபிடஸ் முறை. கூடவே சுண்டுவிரல் பக்கத்தில் இறுகிய மூட்டுறையையும், சீசமாய்டை இழுத்துப்பிடிக்கும் இணைப்பையும் தளர்த்த வேண்டும்.

தளர்த்துவதில் அளவு மீறினால் கணக்கு மறுபக்கம் புரளும். 1928-ல் மெக்பிரைடு விவரித்த முறையில் சுண்டுவிரல் பக்கத்துச் சீசமாய்டையே எடுத்துவிடுவது ஒரு பகுதியாக இருந்தது. சிலருக்கு விரல் மறுகால் பக்கம் சாய்ந்து, காலணியே போட முடியாத நிலை வந்தது. பிற்காலத்தில் அந்த எலும்பை விட்டுவைத்தார்கள்.

ரம்பத்தின் சாய்வும் முக்கியம். வெட்டும் தளம் பின்னோக்கிச் சாய்ந்தால் தலை நகரும்போது எலும்பு குட்டையாகும். மேல்நோக்கி ஏறினால் தரையிலிருந்து விலகும். எது நடந்தாலும் படத்தில் கோணம் அழகாக இருக்கும், நோயாளிக்கு இரண்டாம் விரல் அடியில் வலி முன்னைவிட மோசமாகும். இவர் வந்ததே அந்த வலிக்காக என்பதால், அறுவைக்கு முன்பே இரண்டு மெட்டாடார்சல்களின் நீளத்தையும் படத்தில் ஒப்பிட்டு எழுதி வைக்க வேண்டும்.

பொதுவாக ஆறு வாரம் விறைப்பான தட்டைக் காலணியில் குதிகாலில் எடை வைத்து நடக்க வேண்டும். வீக்கம் முழுதாக வடியப் பல மாதங்கள் ஆகும். நின்று செய்யும் வேலைக்குத் திரும்பும் தேதியை அதைக் கருதியே சொல்ல வேண்டும். எலும்பு கூடிய பிறகு எடுக்கும் நின்ற நிலைப் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது விரலின் கோணம் அல்ல, சீசமாய்டுகளின் இடம். விரல் நேராகி, சீசமாய்டுகள் இன்னும் தலைக்கு வெளியே இருந்தால், தசைநாண் பழைய குறுக்கு வழியிலேயே ஓடுகிறது. அப்படிப்பட்ட பாதத்தை ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நின்ற நிலைப் படங்களோடு தொடர்ந்து பார்க்க வேண்டும். இடைக்கோணம் கூடத் தொடங்குவது தெரிந்தால், விரல் மறுபடி சாய்ந்து நோயாளியே கவனிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.